யானை வாசலில் முள் தோரணம்

ஒரு காட்டில் வேங்கை மரங்கள் நிறைய இருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை அவை எல்லாம் சொல்லி வைத்தாற்போல் ஒரே வாரத்தில் பூக்கும். தரையெல்லாம் மஞ்சளாகிவிடும். அப்போதுதான் அந்தக் காட்டுக்குத் திருவிழா.

திருவிழா என்றதும் தேரையும் மேளத்தையும் நினைக்காதீர்கள், குழந்தைகளே. அங்கே ஒவ்வொரு விலங்கும் தன் கையால் ஒரு தோரணம் செய்து, பக்கத்து வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். அவ்வளவுதான். பனங்குருத்து, மாவிலை, பூ, புல் என்று எது கிடைக்கிறதோ அதில் செய்யலாம். அழகாக வந்தாலும் சரி, கோணல்மாணலாக வந்தாலும் சரி, யாரும் குறை சொல்வதில்லை. கட்ட வந்தவரை வீட்டுக்காரர் சும்மா அனுப்ப மாட்டார். உட்கார வைத்து, தின்னக் கொடுத்து, பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருப்பார்.

மூன்றாம் நாள் தோரணம் வாடிவிடும். அதை அவிழ்த்து ஓடையில் விட்டுவிடுவார்கள். அதன் பிறகு அடுத்த ஆண்டு வேங்கை பூக்கும்வரை வாசல் வெறும் வாசல்தான்.

இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு தோரணம் தொங்கும் வாசலில் இன்னொன்று கட்டக் கூடாது. கட்டினால், முதலில் கட்டியவரை அவமதித்ததாக ஆகிவிடும். மற்ற விஷயங்களில் எப்படியோ, இதில் மட்டும் அந்தக் காட்டு விலங்குகள் மிகவும் கண்டிப்பாக இருந்தன.

ஓடைக்கரையில் நான்கு வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. அணில், யானை, முயல், கரடி. அணில் யானைக்குத் தோரணம் கட்டும். யானை முயலுக்குக் கட்டும். முயல் கரடிக்குக் கட்டும். கரடி சுற்றிக்கொண்டு வந்து அணிலுக்குக் கட்டும்.

யானை கட்டும் தோரணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமே! அதற்குப் பின்னத் தெரியாது, முடையத் தெரியாது. பூத்த கிளை ஒன்றை அப்படியே ஒடித்துக்கொண்டு வந்து முயலின் வளைக்கு முன்னால் வைத்துவிடும். முயல் அரைநாள் வெளியே வர முடியாமல் உள்ளிருந்தே, "ரொம்ப அழகா இருக்கு, தம்பி! கொஞ்சம் நகர்த்தி வையேன்!" என்று கத்தும்.

கரடி சோம்பேறி. திருவிழா அன்று காலையில் கண் விழித்த பிறகுதான் அதற்குத் தோரண ஞாபகமே வரும். கைக்குக் கிடைத்த நான்கு இலைகளை ஒரு கொடியில் சொருகிக்கொண்டு வந்து அணிலின் மரப்பொந்தில் கட்டும். கட்டும்போதே இரண்டு இலை விழுந்துவிடும். பிறகு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து, தான் தேனீக்களிடம் கடி வாங்கிய கதைகளைச் சொல்லும். எல்லாம் போன ஆண்டு சொன்ன கதைகள்தான்.

ஆனால் அணிலோ கைவேலையில் கெட்டிக்காரி. அது பனங்குருத்தைக் கிழித்து மடக்கினால் கிளி வரும், மீன் வரும், கிலுகிலுப்பை வரும். அதன் வேலையைப் பார்க்கக் காட்டின் மறுகோடியிலிருந்துகூட வருவார்கள். அணிலுக்கும் அது தெரியும். தெரிந்ததோடு நிற்காமல், கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது.

அப்படிப்பட்ட அணிலுக்கு வாய்த்த பக்கத்து வீட்டுக்காரன் யார்? யானை! பனங்குருத்து என்றால் யானைக்கு உயிர்.

ஒவ்வோர் ஆண்டும் இதே கதைதான் நடந்தது. யானையின் வீடு இரண்டு மருத மரங்களுக்கு நடுவே இருந்தது. அணில் இரண்டு நாள் பாடுபட்டுச் செய்த தோரணத்தை அந்த மரங்களுக்குக் குறுக்கே கட்டும். யானை காதை ஆட்டி ஆட்டி ரசிக்கும். அணில் மரத்தை விட்டு இறங்குவதற்குள் தோரணம் யானையின் வாய்க்குள் போயிருக்கும்.

"அக்கா, போன வருஷத்துக் கிளியை விட இந்த வருஷத்துக் கிளி இனிப்பா இருக்கு!" என்று யானை மென்றுகொண்டே சொல்லும்.

பிறகு ஒரு சீப்புக் காட்டு வாழைப்பழத்தை எடுத்து அணிலின் முன்னால் வைக்கும். கண்ணில் பட்டதையெல்லாம் தின்னும் யானை, அந்த ஒரு சீப்பை மட்டும் பத்து நாளாகத் தொடாமல் பழுக்க வைத்துக் காத்திருக்கும். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது யானைக்குத்தான் தெரியும். அணில் அதை யோசித்துப் பார்த்ததே இல்லை.

ஓர் ஆண்டு அணில் பதினொரு கிளிகள் செய்தது. காற்று வீசினால் பதினொன்றும் தலையை ஆட்டும். கேள்விப்பட்ட முயல், தன் உறவினர்கள் இருபது பேரைத் திரட்டிக்கொண்டு பார்க்க வந்தது.

"எங்கே அக்கா தோரணம்?"

அணில் வாய் திறப்பதற்குள் யானை தன் வயிற்றைத் தட்டிக் காட்டியது. "இதோ, இங்கே பத்திரமா இருக்கு!"

இருபது முயல்களும் உருண்டு உருண்டு சிரித்தன. யானையும் சேர்ந்து சிரித்தது. அணிலின் வால் மட்டும் சிலிர்த்து நின்றது. கொடுத்த வாழைப்பழத்தில் பாதியைக்கூடத் தின்னாமல் அது வீட்டுக்குப் போய்விட்டது.

"அடுத்த வருஷம் பார்க்கிறேன், எப்படித் தின்கிறாய் என்று" என்று அது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

அன்றிலிருந்தே வேலையைத் தொடங்கியது. ஓடை ஓரத்தில் காலி நத்தை ஓடுகளைப் பொறுக்கியது. குன்றிமணி சேர்த்தது. உலர்ந்த வேப்பங்கொட்டைகளைச் சேர்த்தது. கரடியிடம் தேன்மெழுகு வாங்கி வந்தது. உதிர்ந்த முட்களைக் கேட்டு முள்ளம்பன்றியிடமும் போனது. முள்ளம்பன்றி கருமி இல்லை, ஆனால் ஒவ்வொரு முள்ளும் எங்கே, யாரைக் குத்தியபோது உதிர்ந்தது என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கும். அணில் நாற்பது முட்களுக்கும் கதை கேட்டது.

மறு ஆண்டு வேங்கை பூத்தது. யானையின் வாசலில் முள் தோரணம் ஏறியது. கறுப்பும் வெள்ளையுமாக முட்கள், அவற்றின் அடியில் சிவப்புக் குன்றிமணி, நடுநடுவே பளபளக்கும் நத்தை ஓடு. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், அப்படி ஓர் அழகை அந்தக் காடு அதுவரை கண்டதில்லை.

யானை வழக்கம்போல் ரசித்தது. வழக்கம்போல் துதிக்கையை நீட்டியது.

"ஆ! அக்கா, இது குத்துது!"

"குத்தும் தம்பி. இது தின்ன இல்லை. பார்க்க" என்றது அணில்.

"பார்க்க மட்டுமா?"

"ஆமாம். இதுக்கு வாட்டமும் கிடையாது, சோர்வும் கிடையாது. உன் வாசலில் என்றைக்கும் தொங்கும்."

யானை நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டியது. பிறகு வாழைப்பழச் சீப்பை எடுத்து வந்தது. அதற்குள் பார்வையாளர்கள் கூடிவிட்டார்கள். அணில் இந்தப் பக்கம் ஒருவருக்கு விளக்கம் சொன்னது, அந்தப் பக்கம் ஒருவரிடம் பாராட்டு வாங்கியது. உட்காரவே அதற்கு நேரமில்லை. யானை சீப்பைத் துதிக்கையில் பிடித்தபடி கூட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

கடைசியாகக் கரடி வந்தது. தோரணத்தை மேலும் கீழும் பார்த்தது.

"இது எத்தனை நாளைக்கு இருக்கும், அணிலு?"

"மூணு வருஷம் ஆனாலும் இப்படியே இருக்கும், மாமா."

கரடியின் கண்கள் அகலமாகத் திறந்தன. "அப்போ அடுத்த வருஷம் யானைக்கு நீ எதுவுமே செய்ய வேண்டாமா?"

அணில் சிரித்தது. "தோரணம் இருக்கிற வாசலில் எப்படிக் கட்ட முடியும்? வேண்டாம்தான்!"

"அடடா! இவ்வளவு நாளா இது எனக்குத் தோணாமப் போச்சே!" என்றது கரடி. சோம்பேறிக்கு ஒரு நல்ல செய்தி கிடைத்தால் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அன்று எல்லாரும் பார்த்தார்கள். மாலைக்குள் காடு முழுவதும் விஷயம் பரவிவிட்டது.

மூன்றாம் நாள் இலைத் தோரணங்கள் வாடின. ஓடையில் விட்டார்கள். ஆனால் இந்த முறை வாசல்களை வெறுமையாக விடவில்லை. அணிலிடம் வரிசையாக வந்து, முள் கோக்கவும் மெழுகு வைக்கவும் கற்றுக்கொண்டார்கள். முயல் கரடியின் வாசலில் ஒரு முள் தோரணம் கட்டியது. கரடி, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வேலையை முழுதாக முடித்து, அணிலின் பொந்தில் ஒன்று கட்டியது. யானையின் துதிக்கைக்கு அந்த நுணுக்கம் வரவில்லை. முயலின் வளைக்கு வேண்டியதை யானைக்காக அணிலே செய்து கொடுத்தது.

மழைக்காலம் வருவதற்குள் அந்தக் காட்டில் முள் தோரணம் இல்லாத வாசலே இல்லை. எங்கே போனாலும் தன் கைவேலை தொங்குவதைப் பார்த்து அணிலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஓர் ஆண்டு ஓடியது. மறுபடியும் வேங்கை பூத்தது.

விடிந்ததும் முயல் வளையை விட்டு வெளியே வந்து, இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது. தன் வாசலில் தோரணம் இருக்கிறது. கரடி வாசலிலும் இருக்கிறது. யாரும் வரப் போவதில்லை, தானும் எங்கும் போக வேண்டியதில்லை. வளைக்கு முன்னால் கிளை எதுவும் அடைக்கவில்லை, தாராளமாக வெளியே ஓடலாம். ஆனாலும் முயல் ஓடவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

கரடி தூங்கியது. ஆசை தீரத் தூங்கியது. நடுப்பகலில் விழித்து, "இன்றைக்கு ஏதோ இருக்குமே" என்று தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பவும் தூங்கியது.

அணில் தன் மரக்கிளையில் உட்கார்ந்திருந்தது. பாராட்ட யாராவது வருவார்கள் என்று காத்திருந்தது. யாரும் வரவில்லை. ஒரு வருடமாகக் கண்ணெதிரே தொங்குவதை யார் வந்து பாராட்டுவார்கள்?

கரடி வரும் என்று எதிர்பார்த்தது. அதுவும் வரவில்லை. தேனீ கடித்த கதையைக் கேட்டுக் கேட்டு அணிலுக்கு மனப்பாடமாகிவிட்டது, சலிப்பும் தட்டியிருந்தது. ஆனால் அன்று அந்தக் கதையை யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. கை வேறு சும்மா இருக்க மறுத்தது. பக்கத்துப் பனங்கன்றிலிருந்து குருத்து ஒன்றைக் கிள்ளி வந்து மடித்தது. கிளி வந்தது. இந்தக் கிளியை எந்த வாசலில் கட்டுவது என்று யோசித்தது. கட்ட ஒரு வாசலும் இல்லை.

அப்போது மருத மரங்களின் பக்கமிருந்து ஒரு பிளிறல் கேட்டது. வலியில் பிளிறும் பிளிறல்.

அணில் கிளைக்குக் கிளை தாவி ஓடியது. அங்கே போய்ப் பார்த்தால், யானை வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தது. மருத மரங்களுக்கு நடுவே தொங்கிய முள் தோரணத்தில் பாதியைக் காணோம். யானையின் நாக்கிலும் உதட்டிலும் முட்கள் குத்தி நின்றன. கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

அணிலுக்கு ஒரு கணம் கோபம்தான் வந்தது. "ஏன்டா இப்படி? தின்ன இல்லை என்று சொன்னேனா இல்லையா? இந்தத் தோரணத்தைக்கூட விட மாட்டாயா? அவ்வளவு பசியா உனக்கு?"

யானை தலையை ஆட்டியது. நாக்கில் முள் இருந்ததால் வார்த்தை சரியாக வரவில்லை.

"பசி இல்லக்கா. இது நல்லாவும் இல்ல. கசக்குது."

"பின்னே எதுக்குத் தின்னே?"

"வாசல் காலியானாத்தானே நீ வருவே?"

 அப்போதுதான் அணில் சுற்றிலும் பார்த்தது. வாசல் பெருக்கியிருந்தது. தோரணத்தில் மிச்சம் இருந்த பாதியில் ஒரு தூசி இல்லை, ஓர் ஒட்டடை இல்லை. இத்தனை மாதமும் யானை அதைத் துடைத்து வைத்திருக்கிறது. மரத்தடியில் பழுத்த வாழைப்பழச் சீப்பு ஒன்று இருந்தது. அதில் ஒரு பழம்கூடக் குறையவில்லை.

"நான் காலையிலிருந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றது யானை. "அப்புறம்தான் யோசிச்சேன். இது இருக்கிறவரைக்கும் அக்கா எப்படிக் கட்டும்? எப்படி உட்காரும்? கொஞ்சம் கஷ்டப்பட்டுத் தின்னுட்டா முடிஞ்சு போச்சுன்னு..."

"பேசாதேடா. வாயைத் திற" என்றது அணில்.

யானை மண்டியிட்டு வாயைத் திறந்தது. அணில் தந்தத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, நாக்கிலும் உதட்டிலும் இருந்த முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. கிளி மடிக்கும் விரல்கள் அல்லவா, வலிக்காமல் பிடுங்கின. ஒவ்வொரு முள் வரும்போதும் அணிலின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. தான் கோத்த முள், தன் கையால் நுனி பார்த்துத் தேர்ந்தெடுத்த முள் என்பதை நினைக்க நினைக்க அதற்குத் தாங்கவில்லை.

கடைசி முள்ளையும் எடுத்த பிறகு, மரத்தில் ஏறி மிச்சத் தோரணத்தைப் பல்லால் கடித்து அறுத்தது. அது பொத்தென்று கீழே விழுந்தது. நத்தை ஓடுகள் நொறுங்கின. அணில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, போய்ப் பனங்குருத்து கொண்டு வா. நல்ல இளசா பார்த்துக் கொண்டு வா."

யானை ஓடியது. பூமி அதிர்ந்தது. அந்த அதிர்வில் வளைக்குள் படுத்திருந்த முயல் துள்ளி எழுந்து வெளியே வந்தது. தூங்கிய கரடியும் எழுந்து வந்தது. வந்தவர்கள் கண்டது என்ன? யானையின் வாசல் வெறுமையாக இருக்கிறது. அணில் தரையில் உட்கார்ந்து அவசர அவசரமாகக் கிளி மடித்துக்கொண்டிருக்கிறது.

"என்ன அக்கா இது? திரும்பவும் ஓலையா? மூணு நாளில் வாடிப் போகுமே!" என்றது முயல்.

"போகட்டும்" என்றது அணில்.

அன்று அணில் செய்தது ஐந்தே கிளிகள். அவசரத்தில் இரண்டுக்கு மூக்குக் கோணலாகிவிட்டது. அந்தத் தோரணம் மருத மரங்களுக்கு நடுவே ஏறியது. யானை காதை ஆட்டி ரசித்தது. துதிக்கையை நீட்டியது. பிறகு மெதுவாகத் துதிக்கையை மடக்கிக்கொண்டது. அதன் நாக்கு வீங்கியிருந்தது. முழுக் கிளியை மெல்ல அதனால் முடியாது.

பார்த்தீர்களா, குழந்தைகளே! இத்தனை ஆண்டில் முதல்முறையாக அணிலின் ஓலைத் தோரணம் யானையின் வாசலில் அப்படியே தொங்கியது. இதற்காகத்தானே அணில் ஏங்கியது? முயலும் கரடியும் அண்ணாந்து பார்த்து, "ஆகா!" என்றன.

அணில் அந்த "ஆகா"வைக் காதில் வாங்கவே இல்லை. மரத்தில் ஏறியது. இருப்பதிலேயே அழகான கிளியை, மூக்குக் கோணாத கிளியை, அவிழ்த்து எடுத்தது. யானையின் முன்னால் உட்கார்ந்து, அதன் சிறகை நார் நாராகக் கிழித்தது.

"இந்தா. வலிக்காத பக்கமா வச்சு மெதுவா மெல்லு."

யானை மென்றது. "இனிப்பா இருக்கு, அக்கா."

"போன கிளியை விடவா?"

"எல்லாக் கிளியை விடவும்."

அணில் அடுத்த சிறகைக் கிழித்தது. யானை வாழைப்பழச் சீப்பை அதன் பக்கமாகத் தள்ளி வைத்தது.

கரடி கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிறகு போய், அணிலின் பொந்தில் தான் கட்டிய முள் தோரணத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு கொடியையும் நான்கு இலைகளையும் தேடத் தொடங்கியது.

நீதி: வாடாத பரிசை ஒருமுறை கொடுத்துவிட்டு ஒதுங்குவது அன்பு அல்ல, வாடும் பரிசோடு ஆண்டுதோறும் வாசலுக்கு வருவதே அன்பு.